அளந்து காட்டிய அயலவர்கள்

வீதி விளக்குகளையும் குப்பைத் தொட்டிகளையும் கணினியுடன் இணைத்துவிட்டால் ஒரு நகரம் 'ஸ்மார்ட் சிட்டி' ஆகிவிடும் என்றே பலர் எண்ணுகின்றனர். அந்நகரில் உறக்கமின்றித் தவிக்கும் முதியவரின் குரல் அக்கணினிக்குக் கேட்குமா?

ஸ்பெயினின் பார்ஸிலோனா இவ்வகை நகரங்களுள் முன்வரிசையில் பேசப்படுவது. கி.பி. 801 வரை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த நகரும் கூட. அங்கு கிராசியா பகுதியில் பிளாசா டெல் சோல் என்றொரு சதுக்கம் உண்டு. இரவானதும் இளைஞர் கூட்டம் சேரும். குடியும் கூச்சலும் நள்ளிரவு கடந்தும் ஓயாது. சுற்றியுள்ள மாடி வீட்டார் பல்லாண்டுகளாக முறையிட்டும் பெரிதாகப் பயன் விளையவில்லை. சத்தம் தானே, அது கேட்பவரின் காதைப் பொறுத்தது என்று சொல்லிவிடுவது எங்கும் எளிது.

2017இல் நிலைமை மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவி பெற்ற திட்டமொன்றின் கீழ், ஃபேப் லேப் எனும் தொழில்நுட்பக் கூடத்தினர் துணை நிற்க, அயலவர்கள் தம் மாடி முகப்புகளில் சிறு ஒலிமானிகளைத் தாமே பொருத்தினர். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவை இரவுச் சத்தம் மிஞ்சுவது பதிவாகியது. அதன்பின் சதுக்கத்திலேயே கூடிப் பேசினர். விளைவாக, குப்பை லொறி வரும் நேரம் மாற்றப்பட்டது. மக்கள் அமரும் படிகளில் பூச்சாடிகள் வைக்கப்பட்டன. கூட்டத்தைப் பொலிஸார் முன்னரிலும் நேரகாலத்தோடு கலைத்தனர். (நமது கலியாண வீட்டு ஒலிபெருக்கிக்கும் இந்த ஒலிமானி பொருந்தும் என்பது வேறு விடயம்!)

மாநகர சபையிடம் ஒலிமானிகள் இல்லாமலில்லை. ஆனால் எங்கே அளப்பது, எப்போது அளப்பது என்பது அங்கு வாழ்பவருக்குத்தானே தெரியும்?

பத்ர் களத்தை இங்கு நினைவுகூரலாம். இவ்விடம் வஹியின் கட்டளையா, சொந்த அபிப்பிராயமா என ஹுபாப் இப்னு முன்திர் (ரழி) அவர்கள் கேட்டார்கள். அபிப்பிராயமே என அறிந்ததும், எதிரிக்கு அண்மையிலுள்ள கிணற்றருகே நகர்வோம் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் முகாமை மாற்றினார்கள். கேட்கத் துணிந்தவரும் இருந்தார். ஏற்கும் தலைமையும் இருந்தது.

இதே பார்ஸிலோனாவில் 2016இல் 'டெசிடிம்' எனும் இணையத்தளத்தை மாநகர சபை தொடங்கியது. கதலான் மொழியில் 'நாம் தீர்மானிக்கிறோம்' என்பது பொருள். நகரத் திட்டத்துக்கு மக்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகளை முன்வைத்தனர். கணினி பழகாத மூதாட்டி என்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். அவரைப் போன்றோருக்காக நேரடிக் கூட்டங்களும் நூற்றுக்கணக்கில் நடந்தன. அங்கு வாயால் சொல்லப்பட்டவையும் அத்தளத்திலேயே பதியப்பட்டன.