பெட்டியின் மறுபக்கம்

நுழையும் முன்

தில்லியிலும் இலக்னோவிலும் மார்கழி பிறந்ததும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு காட்சிகளைக் காணலாம். புட்டியிலுள்ள தேங்காயெண்ணெய் கட்டியாக உறைந்துவிடும்; பிள்ளைகளின் கைகால்கள் வறண்டு, அவற்றில் வெள்ளைக் கோடுகள் தோன்றும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இத்தகைய வறட்சி குறைவு. வறட்சியைப் போக்கும் பூச்சு ஒன்றை வாங்கக் கடைக்குச் சென்றால், வண்ணப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் தேங்காய்ப் படம், மற்றொன்றில் குங்குமப்பூ, வேறொன்றில் 'சில நாள்களில் வெண்மை' என்னும் உறுதிமொழி. இவற்றுள் எதை வாங்குவது? விடை காணப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அங்கே சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டுள்ள உட்பொருள் பட்டியலைப் படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தோல் என்னும் சுவர்

உடலின் மிகப் பெரிய உறுப்புகளுள் ஒன்று தோல். அதன் மேற்புறத்திலுள்ள மெல்லிய அடுக்கு, உயிரற்ற செல்களால் ஆனது. அறிவியலார் இவ்வடுக்கைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவர். செல்கள் செங்கற்கள், அவற்றின் இடையே நிரம்பியுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து உறுதியாக இருக்கும்வரை உடலின் நீர் எளிதில் வெளியேறாது. கிருமிகளும் எளிதில் உள்ளே புகா.

குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு. எனவே தோலிலுள்ள நீர் விரைந்து ஆவியாகிறது. மிகுந்த சூட்டுடன் வெந்நீரில் நெடுநேரம் குளித்தலும் அளவுக்கு மீறிச் சோப்புத் தேய்த்தலும் சாந்தை அரிக்கின்றன. தோல் சிறிது அமிலத்தன்மை உடையது. வழக்கமான சோப்போ காரத்தன்மை உடையது. ஆகவே வறண்ட தோலுக்குச் சோப்பைக் குறைவாகப் பயன்படுத்துவதே முதல் மருந்து.

ஈரம் காக்கும் மூவகைப் பொருள்கள்

வறட்சியைப் போக்கும் பூச்சுகள் பலவாயினும், அவற்றில் பணிபுரியும் பொருள்கள் மூன்று வகையில் அடங்கும்.

முதல் வகை, நீரை ஈர்ப்பவை. இவற்றுள் கிளிசரின் முதன்மையானது. சுவீடன் நாட்டில் வாழ்ந்த வேதியியலாளர் ஷீலே 1779ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். இது விலை குறைந்தது. எனினும் விலையுயர்ந்த பூச்சுகள் பலவற்றிலும் இதுவே உள்ளது. யூரியா, ஹையலூரானிக் அமிலம் ஆகியனவும் இவ்வகையின.

இரண்டாம் வகை, மென்மை தருபவை. தேங்காயெண்ணெய், பாதாம் எண்ணெய், ஆப்பிரிக்க மரம் ஒன்றின் விதையிலிருந்து கிடைக்கும் ஷியா வெண்ணெய் முதலியன செல்களின் இடைவெளிகளை நிரப்பிச் சொரசொரப்பை நீக்குகின்றன.

மூன்றாம் வகை, மூடிக் காப்பவை. இவை தோலின்மேல் படலமாகப் படிந்து நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன. பெட்ரோலியம் ஜெல்லி இதற்குச் சிறந்த சான்று. அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தோர், குழாய்த் தண்டுகளில் படிந்த மெழுகு போன்ற பொருளைத் தீப்புண்களிலும் வெட்டுக்காயங்களிலும் தடவிக்கொண்டனர். அதனைக் கண்ட ராபர்ட் செஸ்பிரோ என்னும் வேதியியலாளர், அப்பொருளைத் தூய்மைப்படுத்தி, 1872இல் 'வாசலின்' என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார்.

இம்மூன்றும் சேர்ந்து செயல்படும்போதே பயன் மிகும். குளித்தபின் உடலைத் துவட்டி, ஈரம் முழுதும் உலரும் முன்னரே பூச்சைத் தடவுதல் வேண்டும். அப்போது தோலில் தங்கியுள்ள நீர் உள்ளேயே காக்கப்படுகிறது.

துணைப் பொருள்கள்

நீரும் எண்ணெயும் தாமாகக் கலவா. அவற்றை ஒன்றுசேர்க்கும் பொருள் பால்மமாக்கி எனப்படும். நீர் உள்ள பூச்சில் பூஞ்சையும் கிருமியும் வளரக்கூடும். அவற்றைத் தடுக்க ஃபீனாக்சிஎத்தனால் போன்ற பாதுகாப்புப் பொருள்கள் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. இப்பெயர்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; பாதுகாப்புப் பொருள் இல்லாமல் கெட்டுப்போன பூச்சே தோலுக்குத் தீங்கு. நறுமணப் பொருள்களின் செய்தி வேறு. அவை தோலின் நலத்திற்குத் தேவையானவை அல்ல. சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். எளிதில் அரிப்புக் காணும் தோலினர் நறுமணமற்ற பூச்சுகளைத் தேர்ந்தெடுப்பது நன்று.

பட்டியலைப் படிக்கும் முறை

உட்பொருள்கள் அளவின் வரிசையில் எழுதப்படும். மிகுதியாக உள்ளது முதலில் வரும். நூற்றில் ஒரு பங்கும் அதற்குக் குறைவாகவும் உள்ள பொருள்களை மட்டும் இறுதியில் எவ்வரிசையிலும் எழுதலாம். பெரும்பாலான பூச்சுகளின் முதற்பெயர் 'அக்வா' என்பதாகும். இஃது இலத்தீன் சொல். இதன் பொருள் நீர்.

தாவரங்களுக்கும் பட்டியலில் இலத்தீன் பெயர்களே இடம்பெறும். புதியனபோல் ஒலிக்கும் அப்பெயர்களுள் பல, தமிழ் வீடுகளின் பழைய பொருள்களே. 'கோகஸ் நியூசிஃபெரா' என்பது தென்னை. 'குர்குமா லோங்கா' என்பது மஞ்சள். 'அசாடிராக்டா இண்டிகா' என்பது வேம்பு. 'சாந்தலம் ஆல்பம்' என்பது சந்தனம். 'அலோ பார்படென்சிஸ்' என்பது சோற்றுக்கற்றாழை. முன்பக்கத்தில் தேங்காயைப் பெரிதாக வரைந்துவிட்டு, பட்டியலின் கடைசியில் 'கோகஸ் நியூசிஃபெரா' என்று எழுதியிருந்தால், அப்பூச்சில் தேங்காயெண்ணெய் துளியளவே உள்ளது எனக் கொள்ளலாம்.

இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் புண்ணாகக்கூடும். எந்தப் பூச்சாயினும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஓரிரு நாள் பார்த்தபின் பயன்படுத்துதல் நலம்.

வெண்மை என்னும் வாக்குறுதி

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. இது சூரியனின் புறஊதாக் கதிர்களை ஏற்றுக்கொண்டு, தோலின் உட்செல்களைக் காக்கிறது. எனவே கருமை குறையன்று. உடல் தனக்கெனப் படைத்துக்கொண்ட குடை. ஆயினும் வகுப்பறையிலும் உறவினர் வீட்டிலும் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அக்கேலியால் வருந்தும் பிள்ளைகள் சிலர் வெண்மைக் களிம்புகளை நாடுகின்றனர்.

மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் சில போலிக் களிம்புகளில் அதனைச் சேர்க்கின்றனர். தோல் சில நாள்களில் வெளுத்ததுபோல் தோன்றும். ஆனால் பாதரசம் தோலின் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கிறது. களிம்பைப் பூசாத வீட்டாரையும் அதன் ஆவி தாக்கக்கூடும். முகக் களிம்புகளில் பாதரசம் சேர்ப்பதை இந்தியச் சட்டம் தடைசெய்கிறது. பாதரச நஞ்சால் பெருந்துயருற்ற ஜப்பானிய ஊரான மினமாட்டாவின் பெயரால் 2013இல் உருவான உலக உடன்படிக்கையும் இத்தகைய களிம்புகளை ஒழிக்க முயல்கிறது.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் இவ்வாறே தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன. இவை நோய்க்குரிய மருந்துகள். மருத்துவர் சொல்லாமல் நெடுநாள் பூசினால் தோல் மெலியும், பருக்கள் பெருகும், முகத்தில் உரோமம் வளரும்.

பாதரசம் சேர்ப்போர் அதனைப் பட்டியலில் எழுதாமல் மறைப்பதும் உண்டு. ஆகவே இங்குப் பின்பக்கத்தோடு முன்பக்கத்தையும் படித்தல் வேண்டும். சில நாள்களில் வெண்மை என்னும் வாக்குறுதியே எச்சரிக்கை. உட்பொருள் பட்டியலோ, தயாரிப்பாளர் முகவரியோ, உரிம எண்ணோ, காலாவதி நாளோ இல்லாத களிம்பை எவர் தந்தாலும் வாங்கலாகாது.

1975ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விற்கப்பட்ட 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு, 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாற்றப்பட்டது. வெண்மையைக் குறிக்கும் சொல் பெட்டியிலிருந்து நீங்கியது. அச்சொல் மக்களின் மனத்திலிருந்தும் நீங்குதல் வேண்டும். உலர்ந்த தோலுக்கு ஈரம் வேண்டும். கடும் வெயிலில் காப்பு வேண்டும். நிறத்திற்கு மருந்து வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

வெயில் காப்புப் பூச்சுகளில் எஸ்.பி.எஃப். என்னும் எண் குறிக்கப்பட்டிருக்கும். எண் 15 உடைய பூச்சு, தோலைச் சுடும் புறஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டைத் தடுக்கிறது. எண் 30 உடையது ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கிறது. எண் இரட்டித்தால் காப்பும் இரட்டிப்பதில்லை.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. தோலின் மேலடுக்கு எதனோடு ஒப்பிடப்படுகிறது? ஏன்?
2. ஈரம் காக்கும் பொருள்களின் மூன்று வகைகள் யாவை? வகைக்கு ஒரு சான்று தருக.
3. 'கருமை குறையன்று' என்பதைக் காரணத்துடன் விளக்குக.

ஆ. பொருத்துக.
1. குர்குமா லோங்கா – சந்தனம்
2. அசாடிராக்டா இண்டிகா – தென்னை
3. சாந்தலம் ஆல்பம் – மஞ்சள்
4. கோகஸ் நியூசிஃபெரா – வேம்பு

இ. செயல்பாடு
வீட்டிலுள்ள பூச்சு ஒன்றின் உட்பொருள் பட்டியலில் முதல் ஐந்து பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுக. அவற்றுள் நீரை ஈர்ப்பது எது, மென்மை தருவது எது, மூடிக் காப்பது எது எனக் குறிப்பிடுக. பாட்டி, தாத்தாவிடம் கேட்டு, அவர்கள் இளமையில் தோலுக்குப் பயன்படுத்திய பொருள்களின் பெயர்களையும் எழுதுக.