மன்னார்க் கடலும் முத்துச் சலாபமும்

மன்னார்க் குடாவின் கிழக்குக் கரையிலே, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களுக்கு எதிரே, கடலடியிற் பரந்து கிடக்கும் கற்றிட்டுக்களைப் 'பார்' என வழங்குவர். பெரிய பார், செவல் பார் முதலிய இவையே முத்துச் சிப்பியின் உறைவிடம். அயல்நாட்டார் இத்தீவின்மீது வேட்கை கொண்டமைக்குக் கறுவாவோடு முத்தும் ஒரு காரணமாகும்.

கி. பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பெரிபுளூஸ் என்னும் கிரேக்க நூல், பாண்டியரது கொற்கைக் கடலிலே தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக் குளித்தனர் என்று கூறும். முத்தின் ஒளியை வியந்தவர் பலர். அதனை எடுத்தவரின் நிலையைக் குறித்தவர் மிகச் சிலர். அவ்வகையில் இக்குறிப்பு அருமையானது. 1344 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த இபுன் பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் முத்துக்கள் குவிந்து கிடக்கக் கண்டார்.

போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தர் காலத்திலே 1768 தொடக்கம் ஆட்சி முடியும்வரை சலாபம் நடைபெறவில்லை. ஆற்காட்டு நவாபுடன் எழுந்த உரிமைப் பிணக்கே இதற்குப் பெரிதும் ஏதுவாயிற்று. மனிதர் பிணங்கியிருந்த காலத்திலே சிப்பி பெருகிற்று எனலாம்.

அப்பெருக்கத்தின் பயனை அடைந்தோர் ஆங்கிலேயர். 1796, 1797, 1798 ஆகிய மூன்றாண்டும் இடையறாது சலாபம் நடத்தப்பட்டது. பெருந்தொகை வருமானமாக வந்தது. 1799 இற் கிடைத்ததோ சொற்பமே. ஆயினும் தேசாதிபதி நோர்த் சலாபத்தை மேற்பார்வையிடுதற்கென அரிப்பிலே தூண்கள் பொருந்திய மாளிகையொன்றை எழுப்பினார். இதன்பின் 1837 முதல் 1854 வரை சலாபமே இல்லை. 1892 முதல் 1902 வரையும் அவ்வாறே.

சலாபத்தில் உழைத்தோர் தென்னிந்தியக் கரையோரத்துப் பரவரும், சோனகரும், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியருமாவர். குளியாளர் காலிலே கல்லைப் பிணைத்து ஆறேழு பாகத்துக்கு மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் எட்டிய சிப்பியை வாரிக் கூடையில் இடுவர். படகிலிருப்போர் கயிற்றால் மேலிழுப்பர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடற்கட்டி' இன்றி அவர் கடலில் இறங்கார். அரசாங்கமும் அவருக்கு ஊதியம் அளித்து வந்தது! கரை சேர்ந்த சிப்பியில் மூன்றிலிரு பங்கு அரசாங்கத்துக்கு, எஞ்சியதே குளியாளருக்கு. ஏலத்திற் கொண்ட சிப்பியை வணிகர் அழுகவிட்டு முத்தெடுப்பர். அந்நாற்றத்தோடு வாந்திபேதியும் பலமுறை அங்கு பரவியதுண்டு.

1902 இல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஏர்ட்மன் வரவழைக்கப்பட்டார். கடலடி மணல் பெயர்ந்து இளஞ்சிப்பியை மூடுதலும், மீனினங்கள் அதனை உண்ணுதலும் அழிவுக்குக் காரணங்கள் என அவர் கண்டார். இளஞ்சிப்பியைத் தகுந்த பாருக்கு மாற்றி வளர்க்குமாறும் கூறினார். எனவே பழி முழுவதையும் மனிதர்மேற் சுமத்துதல் பொருந்தாது. ஆனால் இயற்கை தானே இத்துணை அழிக்குமிடத்து, எஞ்சியதை வரையறையின்றி வாருதல் எங்ஙனம் தகும்?

வளர்ப்புக்கு முந்தியது அறுவடையே. 1905 இல் முந்நூறுக்கு மேற்பட்ட படகுகளும் ஏறத்தாழ 5,000 குளியாளரும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பியை எடுத்தனர். அரசாங்கம் பெற்றது 25 இலட்சம் ரூபா. மறு ஆண்டிலே பார்கள் யாவும் ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபதாண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பனியொன்றிடம் விடப்பட்டன. கம்பனி 1906, 1907 ஆகிய ஈராண்டே சலாபம் நடத்திற்று. பின்னர்ச் சிப்பி இல்லை. 1912 இற் கம்பனியும் கலைந்தது.

1925 இல் மீண்டும் ஒரு சலாபம் நடந்தது. அதற்குள் யப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தையிற் புகுந்துவிட்டது. அரிப்பு மாளிகையின் இடிந்த சுவர்களைக் கடல் சிறிது சிறிதாக அரித்து வருகின்றது.