மச்சானிடம் ஏச்சு வாங்கலாமா?

ஆரையம்பதி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பாம்புக்குப் பயந்தவனுக்குப் பாம்பைக் காட்டியே பயம் தெளிவிக்கிறார்களாம். கோபக்காரனுக்கும் அப்படி வைத்தியம் இருக்கா? மச்சானை ஏசச் சொல்லிப் பழகலாமா?"

வைத்தியம் இருக்கிறது. முகங்கொடுத்தல் சிகிச்சை என்று சொல்லலாம். உங்களைக் கொதிக்கவைக்கும் சொற்களை, லேசானது முதல் சுள்ளென்று தைப்பது வரை, நீங்களே வரிசைப்படுத்திக் கொடுப்பீர்கள். சிகிச்சையாளர் அவற்றை அதே தொனியில் முகத்துக்கு நேரே சொல்வார். திருப்பிப் பேசாமல், எழும்பிப் போகாமல் இருக்க வேண்டும். பிறகு மறுபடியும் அதே சொல். அமெரிக்க உளவியலாளர்கள் டாஃப்ரேட்டும் கசினோவும் கோபக்கார ஆண்களிடம் இதைச் சோதித்து 1998இல் எழுதினார்கள்.

இதற்கு நேர்மாறான வழியின் வரலாறு வேண்டுமென்றால், "கொட்டித் தீர்த்துவிடு" என்பவர்களுக்கெல்லாம் பாட்டன்கள் 1895இல் புத்தகம் போட்ட புரூயரும் ஃபிராய்டும். 2024இல் ஆய்வாளர்கள் கியார்விக்கும் புஷ்மனும் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கொட்டுவதால் கோபம் குறையவில்லை. மூச்சுப் பயிற்சி போல உடம்பின் படபடப்பைத் தணிப்பவையே குறைத்தன.

மாரியில் வாவி நிரம்பி வயல் மூழ்கினால் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவோம். கோபத்தையும் அப்படி வெட்டிவிடலாம் என்பது அந்தப் பாட்டன்களின் நினைப்பு. எனக்கோ வாயை மூடும் மணல்தான் சிகிச்சையாகப் படுகிறது. 'இதற்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் என்னை மனிசனாக மதியான்' என்று மூளை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பேசாமல் இருந்து பார்த்தால் கணக்குப் பிழைக்கிறது. ஒவ்வொரு பிழைக்கும் அலை ஒரு பிடி மணலை ஒதுக்குகிறது. ஆனால் அடியில் பழைய வாய்க்கால் அழியாமல் கிடக்கும். எலிகளை ஆராய்ந்த மார்க் பௌட்டன் கண்டதும் இதுவே: ஒரு கூட்டில் தணிந்த பயம், கூட்டை மாற்றியதும் திரும்பிவிட்டது. சிகிச்சை அறையில் சாந்தமாக இருந்தவர் சந்தையில் பாய்வது அதனால்தான். ஆகவே வீடு, பஸ், சந்தை என்று பல இடங்களிலும் பழக வேண்டும். (ஒரு வாவிக்கு இத்தனை முகத்துவாரமா என்று கேட்காதீர்கள், உவமை இங்கே தரைதட்டிவிட்டது.)

முகங்கொடுத்தல் ஒன்றுதான் மருந்து என்று யாரும் வெடி கொளுத்த வேண்டாம். சுனாமிக்குப் பின் நம் வடகிழக்கு முகாம்களில் 31 சிறுவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. அது கோபத்துக்கானதல்ல, மனவடுவுக்கானது. ஒரு பகுதியினர் பட்டதை ஆதியோடந்தமாகச் சொல்லி முகங்கொடுத்தார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தில் தேறியவர்கள் முறையே 81, 71 சதவீதம். இத்தனை சிறிய குழுவில் அந்தப் பத்தைப் பெரிதாக எடுக்க முடியாது.

மச்சான் விஷயம். வரிசையில் மூன்றாவது சொல்லோடு நிறுத்தச் சொன்னால் சிகிச்சையாளர் நிறுத்துவார். உங்கள் மச்சான் நிறுத்துவாரா?