நெஞ்சு அடைப்பெல்லாம் ‘காத்து’ அல்ல!
இரத்தம் ஓடும் வழியைத் தெரிந்து கொள்ளுங்கள்



“டிரஸ்ஸர் ஐயா, நெஞ்சு கொஞ்சம் அடைக்குது. காத்துதான்னு நெனைக்கிறேன். ஒரு மருந்து குடுங்க, வேலைக்குப் போகணும்.” தோட்ட ஆஸ்பத்திரியில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பல சமயம் அது வயிற்றுக் காற்றாகத்தான் இருக்கும். சில சமயம் இருதயம் கொடுக்கும் எச்சரிக்கையாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது சுலபமல்ல. ஆகவே இந்த முறை, இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லப் போகிறேன். வழி தெரிந்துவிட்டால், அது அடைபட்டால் என்ன ஆகும் என்பது தானாகவே விளங்கும்.

கைப்பிடி அளவு பம்பு

உங்கள் கையை இறுக மூடிப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் உங்கள் இருதயம். தசையால் ஆன பம்பு அது. நடுவே ஒரு சுவர். வலப்பக்கம் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. இடப்பக்கமும் அப்படியே. ஆக மொத்தம் நான்கு அறைகள்.

இரத்தத்தைத் தோட்டத்து லாரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அது உடம்பெல்லாம் சுற்றிப் பிராணவாயுவை இறக்கிவிட்டு, கரியமில வாயுவை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. முதலில் வலப்பக்க மேல் அறைக்கு வருகிறது. அங்கிருந்து கீழ் அறை. கீழ் அறை அதை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே கரியமில வாயு இறங்குகிறது, புதுப் பிராணவாயு ஏறுகிறது. பிறகு இடப்பக்க மேல் அறை, அப்புறம் கீழ் அறை. அந்தக் கீழ் அறைதான் பெரிய குழாய் வழியாக உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது.

வலப்பக்கம் பக்கத்தில் இருக்கிற நுரையீரல் வரை தள்ளினால் போதும். இடப்பக்கமோ உச்சந்தலை முதல் கால் விரல் வரை தள்ள வேண்டும். அதனால்தான் அதன் சுவர் தடிப்பாக இருக்கிறது. இரத்தம் பின்னால் திரும்பாமல் இருக்க நான்கு கதவுகள் உண்டு. குழாய் வைத்து நாங்கள் கேட்கும் ‘லப் டப்’ சத்தம் அந்தக் கதவுகள் மூடும் சத்தம்தான்.

ஒரு சின்னக் கணக்கு

ஓய்வாக இருக்கும்போது இருதயம் ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தம் தள்ளுகிறது. நிமிடத்துக்கு சுமார் 70 துடிப்பு. பெருக்கிப் பாருங்க: கிட்டத்தட்ட 5 லிட்டர். வளர்ந்தவர் உடம்பில் இருக்கும் இரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அதாவது ஒரே நிமிடத்தில் அத்தனை இரத்தமும் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது! மேட்டில் குலை தூக்கி ஏறும்போது இந்த வேலை மூன்று நான்கு மடங்காகிறது.

முன் காலத்தில் ஐரோப்பாவில், சாப்பாட்டிலிருந்து ஈரல் இரத்தத்தைச் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்று நம்பினார்கள். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர்தான் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் இருதயம் தள்ளும் இரத்தமே உடம்பில் உள்ளதைவிட அதிகமாக வந்தது. எவ்வளவு சாப்பிட்டாலும் அவ்வளவு இரத்தம் ஊறாதே! ஆகவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்று 1628-இல் புத்தகம் எழுதி வெளியிட்டார்.

அவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரு கையைத் தொங்கவிடுங்கள். முன்கையில் பச்சையாகப் புடைத்து நிற்கிறதே, அதை நாம் ‘நரம்பு’ என்கிறோம். உண்மையில் அது இருதயத்துக்குத் திரும்பும் இரத்தக் குழாய். மற்றக் கையின் ஒரு விரலால் அதை மணிக்கட்டுப் பக்கம் அழுத்துங்கள். அழுத்திய விரலை எடுக்காமல், இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக இரத்தத்தை வழித்து விடுங்கள். குழாய் வெறுமையாகத் தட்டையாகிவிடும். இப்போது அழுத்திய விரலை எடுங்கள். மணிக்கட்டுப் பக்கமிருந்து மறுபடி நிரம்புவதைக் காணலாம். ஒரே வழி, ஒரே திசை.

இருதயத்துக்குச் சோறு எங்கிருந்து?

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஊருக்கெல்லாம் சமைக்கிறவர் பானைக்குள் கைவிட்டுச் சாப்பிடுவதில்லை. தனக்குத் தனித் தட்டு வைத்துக் கொள்கிறார். இருதயமும் அப்படித்தான். தன் அறைகளில் நிறைய இரத்தம் ஓடினாலும், அதன் தடித்த தசை அதிலிருந்து நேராக எடுத்துக் கொள்ள முடியாது. பெரிய குழாயின் தொடக்கத்திலேயே பிரியும் இரண்டு சிறிய குழாய்கள்தான் அதற்குச் சோறு போடுகின்றன.

அந்தக் குழாய்களுக்குள் வருஷக்கணக்கில் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக் கொண்டால், அதற்கு அப்பால் உள்ள தசை பட்டினியாகி, நேரம் ஆக ஆகச் செத்துக்கொண்டே போகிறது. செத்த தசை மீண்டும் முளைப்பதில்லை. மாரடைப்பு என்பது இதுதான்.

இவற்றைக் கவனியுங்கள்: நடு நெஞ்சில் பாறை வைத்தது போல் பாரம், இடது கை, தாடை, முதுகு ஆகிய இடங்களுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல், வாந்தி. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி குறைவாக இருந்து, களைப்பும் மூச்சு வாங்கலும் மட்டுமே தெரியலாம்.

அப்படி வந்தால் வேலையை நிறுத்தி உட்காருங்கள். தைலம் தேய்ப்பது, சோடா குடிப்பது, ‘விடியட்டும் பார்ப்போம்’ என்பது எல்லாம் வேண்டாம். தனியாக மோட்டார் சைக்கிளில் கிளம்பாதீர்கள். உடனே 999-க்குப் போன் செய்து, தோட்டத்தின் பெயரையும் எந்தச் சாலை வழியாக உள்ளே வரவேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஓர் ஆளை மெயின் ரோட்டில் நிறுத்தி வையுங்கள். அடைப்பைத் திறக்கும் சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் போனால்தான் முழுப் பலன்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. சிகரெட்டை விடுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக் கொள்ளுங்கள். அழுத்தம் 140/90-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால், உடம்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சிகிச்சை தேவை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். கொடுத்த மாத்திரையை, ‘இப்ப நல்லாத்தான் இருக்கேன்’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறீர்கள்!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் “ஒண்ணுமில்ல, காத்துதான்” என்று சொல்லிச் சமாளிப்பார். வேர்த்துக் கொட்டுகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள், நடு ராத்திரியானாலும் பரவாயில்லை. காற்றாக இருந்தால் சிரித்துவிட்டுப் போவோம்.