பிராட் கேஜ் டைனோசர்!

மீட்டர் கேஜ், பிராட் கேஜ்னு ரயிலுக்குத்தானே சொல்வோம்? டைனோசர் ஆராய்ச்சியிலும் இதே கணக்கு ஓடுது பாஸ்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் க்ளென் ரோஸ்னு ஒரு சின்ன ஊர். அங்கே பலக்ஸி ஆற்றுப் படுகையில், சுமார் 11 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலோரச் சேற்றில் பதிந்த காலடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. 1938-ல் அங்கே போன ரோலண்ட் பேர்ட், சாரோபாட் நடந்த தடங்களைக் கண்டுபிடித்தார். சாரோபாட்னா, நீளக் கழுத்தும் தூண் மாதிரி நாலு காலுமா இலைதழை தின்று திரிந்த ராட்சச இனம். பின்கால் தடத்துக்குள்ளே ஒரு குழந்தை தாராளமா உட்காரலாம்! ஒரு வரிசைத் தடத்தையே பெயர்த்துக்கொண்டு போய் நியூயார்க் அருங்காட்சியகத்தில் வெச்சிருக்காங்க.

சரி, அது எந்த சாரோபாட்? இங்கேதான் சிக்கல். தடத்தை விட்டுட்டு ஆசாமி நடையைக் கட்டிட்டார். பக்கத்தில் எலும்பு இருந்தால்தானே சொல்ல முடியும்? அதனால விஞ்ஞானிகள் தடத்துக்கே தனியா ஒரு பெயர் வைக்கிறாங்க. பலக்ஸி தடத்துக்கு 1989-ல் கிடைத்த பெயர் 'பிரான்டோபோடஸ் பேர்டி'. முதல் பாதிக்கு இடிப்பாதம்னு அர்த்தம். பின்பாதி பேர்டுக்கு மரியாதை. இது காலடியின் பெயர், விலங்கின் பெயர் இல்லை.

பிரிப்பது எப்படி? முன்காலைவிட பின்கால் எவ்வளவு பெரிசு, நகங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் நம்ம கேஜ். இடது, வலது தடங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருந்தால் அகல கேஜ். பிரான்டோபோடஸ் இந்த ரகம். நடுக்கோட்டை ஒட்டியே பதிந்திருந்தால் குறுகிய கேஜ். அதற்கு 1994-ல் 'பாராபிரான்டோபோடஸ்' என்று பெயர் வந்தது. 1999-ல் வில்சன், கரானோ என்ற இருவர், டைட்டனோசர் வகையின் தொடை எலும்பைப் பார்த்து, அகல கேஜ் தடங்கள் இவங்களோடதுதான் என்றார்கள்.

கேட்க ஜோராத்தான் இருக்கு. ஆனா, ஒரே விலங்கு நடந்த வரிசையிலேயே இடைவெளி மாறுகிற தடங்களும் கிடைத்திருக்கே!

சேறு செய்கிற குறும்பு வேற. டெக்சாஸிலேயே இன்னொரு இடத்தில் பெரும்பாலும் முன்கால் தடங்கள் மட்டும். உடம்பு மிதக்க, முன்காலால் தரையை உந்தி நீந்திப் போயிருக்கும்னு பேர்ட் நினைத்தார். பின்னால் வந்தவர்கள் வேறு விளக்கம் சொன்னார்கள்: முன்பாதம் சின்னது, அதனால அழுத்தம் அதிகம். அது அடி அடுக்கு வரை பதிந்தது, அகலமான பின்பாதம் பதியவில்லை. மேல் அடுக்கு காணாமல் போக, நமக்கு மிஞ்சியது முன்கால் மட்டும்!