எண்ணெய் வைக்காமல் வாருங்கள், மூளையால் கார் ஓட்டலாம்!

"தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு வந்துடாதீங்க மேடம்!"

நேரம் வாங்கப் போன் செய்தபோது எதிர்முனையில் பேசிய பெண் சொன்ன முதல் வார்த்தை இது. என் பெயரைக் கேட்டதே அப்புறம்தான். முந்தின நாள் ஷாம்பு போட்டு அலச வேண்டும், கண்டிஷனர்கூடக் கூடாது, ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு நிபந்தனை போட்டதில்லை. எண்ணெய் வைக்காத தலையோடு வாசல் தாண்ட விடாத அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ரகசியமாகக் கிளம்பிவிட்டேன்.

ரகசியம் என்னவென்றால், கையை அசைக்காமல், காலை அசைக்காமல், மூளையால் மட்டும் கார் ஓட்டப்போகிறேன். திரையில் ஓடும் பொம்மைக் கார்தான். ஆனாலும் மூளையால்! நியூரோஃபீட்பேக் என்று பெயர். தூக்கம் வரவில்லையா, பதற்றமா, பிள்ளைக்குப் படிப்பில் கவனம் நிற்கவில்லையா, வாருங்கள் என்று அழைக்கிறார்கள். மையத்தின் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

குடுவைகள் புகைவிடும் ஆய்வுக்கூடத்தை எதிர்பார்த்துப் போனால், இருந்தது ஒரு சாய்வு நாற்காலி, இரண்டு கணினித் திரை, ஒரு டேப். தையல்காரர் தோளில் போட்டிருப்பாரே, அதே டேப். மூக்குக்கு மேலே உள்ள பள்ளத்திலிருந்து பின்மண்டை முடிச்சு வரை பயிற்சியாளர் ஓர் அளவு எடுத்தார். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை இன்னோர் அளவு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் உச்சிக்கு 'சி-இசட்' என்று பெயர். அங்கிருந்து 10 சதவீதம், 20 சதவீதம் என்று பிரித்து மண்டை முழுக்க சர்வே எண் போட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. 1958-ல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட அளவுமுறை. உலகத்தில் யார் தலையானாலும் இன்றுவரை இதுதான் பட்டா.

பிறகு, மணல் கலந்த பற்பசை மாதிரி ஒன்றைப் பஞ்சில் தொட்டு உச்சந்தலையைத் தேய்த்தார். குழிந்த குட்டி உலோக வில்லையில் வெள்ளைப் பசையை வழித்து அங்கே ஒட்டினார். இரண்டு காது மடலிலும் கிளிப்.

"ஷாக் அடிக்காதே?"

"உள்ள எதுவும் போகாது மேடம். உங்ககிட்டேருந்து வெளியதான் வரும்."

வெளியே வருவதும் பெரிதாக ஒன்றுமில்லை. டி.வி. ரிமோட்டுக்குப் போடும் பேட்டரி 1.5 வோல்ட். மண்டைக்கு மேலே அகப்படும் மூளை மின்சாரம் சுமார் 50 மைக்ரோவோல்ட், அதாவது அந்தப் பேட்டரியில் 30,000-ல் ஒரு பங்கு. லட்சோப லட்சம் நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் துடித்தால்தான் இவ்வளவாவது கபாலத்தைத் தாண்டி வரும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் உள்ளே யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது, தவில் மட்டும் கேட்குமே, அதுபோல. உங்கள் மனதைப் படித்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். தவில்தான் கேட்கும்.

திரையில் ஒரு கோடு நெளிய ஆரம்பித்தது. கோலம் போடப் பழகும் குழந்தையின் கை மாதிரி ஒரு நடுக்கம். அது நான்! நாற்காலியில் துள்ளினேன். கோடும் துள்ளியது. "அசையாதீங்க மேடம்" என்று அதட்டல். கண்ணைச் சிமிட்டச் சொன்னார், மலை முளைத்தது. பல்லைக் கடிக்கச் சொன்னார். பென்சிலால் கிறுக்கியதுபோல் கறுத்துப்போனது. இதெல்லாம் மூளை இல்லை, கண்ணும் தாடைத் தசையும் போடும் சத்தம். சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரமும் உள்ளே எட்டிப் பார்க்கும், அதை வடிகட்டி நிறுத்த வேண்டும். இந்த வேலையில் பாதி, மூளை அல்லாததைக் களைவதுதான்.

களையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அருமையான கதை இருக்கிறது. 1970களில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து நரம்பியல் மருத்துவர் ஏட்ரியன் அப்டன், மூளைச்சாவை முடிவு செய்ய இ.இ.ஜி. என்ற இந்த மூளை அலைப் பதிவை மட்டும் நம்பக் கூடாது என்று காட்ட நினைத்தார். மருத்துவமனையில் ஓர் எலுமிச்சை ஜெல்லியின் மேல் எலெக்ட்ரோடுகளைப் பொருத்தினார். சுற்றியிருந்த கருவிகளின் சலசலப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஜெல்லி உயிருள்ள மூளை மாதிரியே அலை காட்டியது. இதைக் கேட்டதிலிருந்து ஜெல்லியைக் கரண்டியால் வெட்டக் கை கூசுகிறது.

அடுத்த உத்தரவு: "கண்ணை மூடிக்கிட்டு சும்மா இருங்க."

கண்ணை மூடினால் தலையின் பின்பக்கத்தில் ஆல்ஃபா அலை எழும்புமாம். நொடிக்கு 8 முதல் 12 முறை. பார்க்க ஆசைப்பட்டுக் கண்ணைத் திறந்தேன். போய்விட்டது. மூடினேன், வந்ததாம். திறந்தேன், போச்சு. தன் ஆல்ஃபாவைத் தானே நேரில் பார்க்க முடியாத இந்தக் கூத்தை நாலு முறை நடத்தியபின், அவர் பதிவை ஓட்டிக் காட்டினார். சீவி விட்ட கூந்தல் போல வரிசையாக, அழகாக, என் தலைக்குள்ளிருந்து!

இதை முதலில் பார்த்தவர் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவர் தேடியது இதையல்ல. 1890களில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்துக்கு அடியில் போகாமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி: நலமா? தொலைவில் இருந்த அக்காவுக்குத் தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனசில் பட்டதாம். மனதிலிருந்து மனதுக்குச் செய்தி போகிறது, அதைக் கருவியில் பிடித்தே தீருவது என்று பெர்கர் பிடிவாதமாக இறங்கினார். 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். தன் கண்ணையே நம்பாமல் ஐந்து வருடம் மூடி வைத்திருந்து 1929-ல்தான் வெளியிட்டார். அந்தத் தந்திக்கு விளக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. இ.இ.ஜி. கிடைத்தது.

பார்ப்பது ஒன்று, பழக்குவது வேறு. 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ கமியா, இருட்டறையில் ஆளை உட்காரவைத்து அவ்வப்போது மணியடித்து, "இப்போது உன் மூளையில் ஆல்ஃபா இருக்கிறதா, இல்லையா?" என்று ஊகிக்கச் சொன்னார். சொன்ன பதில் சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடுவார். சில நாளில் சரியான விடைகள் குவியத் தொடங்கின. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் தெளிவான பதில் வராது! பிறகு, வேண்டும்போது ஆல்ஃபாவை வரவழைக்கவும் பழகிக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஆல்ஃபா பித்து பிடித்தது. 1965-ல் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்து, தன் ஆல்ஃபா அலைகளைப் பெருக்கி ஒலிபெருக்கிகள் வழியாக முரசுகளை அதிரவைத்தார். கச்சேரி செய்ய விரல்கூட அசையவில்லை.

நம் பக்கத்திலும் அந்தக் காலத்தில் இந்தத் தேடல் இருந்தது. 1961-ல் டெல்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை அலையை அளந்து எழுதினார்கள். (பல்தேவ் சிங் அதற்குமுன் நம் வேலூர் சி.எம்.சி.யில் இருந்தவர்.) 4 டிகிரி குளிர்நீரில் கையை முக்கால் மணி நேரத்துக்குமேல் வைத்திருந்த யோகிகளின் ஆல்ஃபா கலையவே இல்லை. எனக்கு ஒரு கொசு போதும்.

இப்போது கார்!

திரையில் மூன்று பட்டைகள். முதல் பட்டை, தூக்கக் கலக்கத்தில் மிகும் தீட்டா, நொடிக்கு 4 முதல் 8; இது இறங்க வேண்டும். இரண்டாவது, 12 முதல் 15. இது ஏற வேண்டும். மூன்றாவது, அதற்கும் மேலே உள்ள வேகமான அலைகள். தசை முறுக்கினால் இதுதான் எகிறும், இதுவும் இறங்க வேண்டும். மூன்றும் பச்சையானால் கார் ஓடும், டிங் என்று மணி கேட்கும். இல்லையென்றால் கார் நிற்கும். மூளை செய்த காரியத்துக்கும் மணிக்கும் நடுவே அரை நொடிகூட இடைவெளி இருக்கக் கூடாது. தாமதமான பரிசு எதற்காக வந்தது என்று மூளைக்குப் புரியாது.

"நான் என்ன செய்யணும்?"

"எதுவும் செய்யாதீங்க."

"எதுவும் செய்யாம எப்படி ஓடும்?"

"பாருங்க."

முயன்றேன், கார் நின்றது. இன்னும் முயன்றேன், பின்பக்கம் போகாதது ஒன்றுதான் குறை. பல்லைக் கடித்து ஏமாற்றப் பார்த்தேன். மூன்றாவது பட்டை சிவந்து காட்டிக்கொடுத்தது. அலுத்துப்போய், சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது, டிங்! ஓடியது. "ஐயோ ஓடுது!" என்று கத்தினேன். நின்றது.

இந்த 12 முதல் 15 எங்கிருந்து வந்தது தெரியுமா? பூனையிடமிருந்து. எலி வளைக்கு முன்னால் உட்கார்ந்த பூனையைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு சிலை, கண்ணில் மட்டும் உயிர். 1960களில் கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன், அப்படி அசையாமல் விழித்திருக்கும் பூனைகளின் மூளையில் இந்தத் தாளத்தைக் கண்டார். அது எழும்போதெல்லாம் பாலும் கோழி ரசமும் கொடுத்தார். பூனைகள் கற்றுக்கொண்டுவிட்டன. கோழி ரசத்துக்காக மூளை அலையை மாற்றிய பூனைகள்! அத்தோடு கதை முடிந்திருக்கும். அதற்குள் இன்னொரு வேலை வந்தது: மோனோமெத்தில் ஹைட்ரசின் என்ற ராக்கெட் எரிபொருள் உடம்பில் வலிப்பை எப்படி உண்டாக்குகிறது என்று பூனைகளில் பார்க்க வேண்டும். (பாவம்தான், அந்தக் காலத்து ஆய்வு.) விஷம் ஏற்றினால் வலிப்பு வந்தது. ஆனால் சில பூனைகளுக்கு வெகுநேரம் கழித்து வந்தது, அல்லது வரவே இல்லை. ஏடுகளைப் புரட்டினால், அவை பழைய கோழி ரசப் பூனைகள்.

அடுத்து மனிதர். வலிப்பால் அவதிப்பட்ட 23 வயதுப் பெண் ஒருவருக்கு இதே பயிற்சி தரப்பட்டு, வலிப்பு குறைந்ததாக 1972-ல் கட்டுரை வந்தது. பின்னாளில் அவர் ஓட்டுநர் உரிமமும் வாங்கினார். நிஜக் கார்! பூனைக்கு 'இதை நம்பினால் குணமாகும்' என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு இந்த விஷயத்தில் மரியாதை பிறந்தது அங்கேதான்.

என் கார் அன்று முக்கால்வாசி நேரம் ஓடியது. பெருமை தாங்கவில்லை. "எனக்கு நல்லா வருது இல்ல?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தன் பக்கத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை விழும் எல்லைக்கோட்டை வைப்பது அவர் கை! பரிசு அடிக்கடி கிடைத்தால்தான் ஆள் சோராமல் இருப்பார் என்று, நான் திணறும்போது கோட்டை இறக்கி, தேறும்போது ஏற்றுகிறார். மென்பொருளே தானாகச் செய்வதும் உண்டு. குழந்தையோடு ஓடிப்பிடித்து விளையாடும் தாத்தா தோற்றுக்கொடுப்பாரே, அந்தக் கதை. ஆக, மதிப்பெண் ஏறினால் மூளை தேறியது என்று அர்த்தமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, முதல் நாளும் கடைசி நாளும் எடுத்த அளவுகளை. அதைவிட, வீட்டில் தூக்கம் வந்ததா என்பதை.

இந்த விளையாட்டு போகாத இடமில்லை. இத்தாலியின் ஏ.சி. மிலான் கால்பந்துக் கிளப் 'மைண்ட் ரூம்' என்றே ஓர் அறை வைத்து வீரர்களைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தது. லண்டன் ராயல் இசைக் கல்லூரி மாணவர்கள் சிலர் வாசிப்பில் மேம்பட்டதாக 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2009-ல் மனக் கவனத்தால் பஞ்சுப் பந்தை மிதக்கவிடும் மைண்ட்ஃபிளெக்ஸ் பொம்மை கடைக்கு வந்தது. இப்போது மியூஸ் என்று நெற்றிப்பட்டை. மனம் அடங்கினால் காதில் பறவை கூவும்.

கூவட்டும். வேலை செய்கிறதா? அதைச் சோதிக்க ஒரு குறும்பான வழி இருக்கிறது: பொய்க் கார். கவனக்குறைவு உள்ள 7 முதல் 10 வயதுக் குழந்தைகள் 140-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. ஒரு சாராருக்கு உண்மைப் பயிற்சி. மறு சாராருக்குத் திரையில் ஓடியது வேறொருவரின் பழைய மூளைப் பதிவு! குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. 38 அமர்வு முடிந்தது. இரு சாராருமே நன்றாகத் தேறியிருந்தார்கள், கிட்டத்தட்ட சமமாக. 2017-ல் சால்ஸ்பர்க்கில் தூக்கமின்மைக்கும் இதே கதைதான்: பொய்ப் பயிற்சி பெற்றவர்களும் அதே அளவு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள்.

அப்படியானால் தேற்றியது எது? என் ஊகம்: அந்த அறை. அரை மணி நேரம் போன் இல்லை, அசைவில்லை, ஒருவர் பக்கத்திலிருந்து 'நல்லா பண்றீங்க' என்கிறார். இதற்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் சொன்ன தொகைக்கு மதிப்புண்டா என்றால், அந்தத் தொகையைக் கேட்டபோது என் மூன்று பட்டையும் சிவந்தன.

என் தீர்ப்பு: ஒருமுறை போய் உட்காருங்கள். தன் மூளை நெளிவதைத் தானே பார்ப்பதுபோல் ஒரு வேடிக்கை வேறில்லை. 40 அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கேட்டால் யோசியுங்கள். வலிப்பு மாத்திரையையோ மன அழுத்த மாத்திரையையோ நிறுத்தச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். வரும்போது கண்ணாடியைப் பாருங்கள். உச்சியில் வெள்ளைப் பசையோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "தலையில என்னடி அது, எண்ணெயும் இல்லாம?"