துரை பங்களாவும் லயக் காம்பராவும்: தொழில்தருநர் தரும் வதிவிடமும் கல்வியும் பற்றிய ஒரு வர்க்க நோக்கு

1

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புறை, பல்லேகமை நோக்கிச் செல்லும் வீதி தும்பறை மலைத்தொடரின் முதுகைக் கடக்குமிடத்தில், ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில், ரிவர்ஸ்டன் அமைந்துள்ளது. மூடுபனி, காற்று, புல்வெளி ஆகியவற்றுக்காகவே இன்று இவ்விடம் பேசப்படுகின்றது. இம்மலைகளை உள்ளடக்கிய மத்திய மலைநாடு 2010இல் உலக மரபுரிமை இடமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், நக்கிள்ஸ் வனம் பாதுகாப்புக்குரியதாக்கப்பட்டிருந்தது. ஆயினும், ரிவர்ஸ்டன் என்ற ஆங்கிலப் பெயரே இந்நிலத்துக்கு வேறொரு வரலாறும் உண்டென்பதைக் காட்டிநிற்கின்றது. கோப்பியும் ஏலமும் தேயிலையும் இம்மலைகளுக்கு இரண்டு வகைப்பட்ட அந்நியரைக் கொண்டுவந்தன. ஒரு சாரார் கப்பலில் முதல் வகுப்பில் வந்தனர். மறு சாரார் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்து வந்தனர்.

இவ்விரு சாராருக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. இருவருக்கும் வதிவிடத்தைத் தோட்டமே வழங்கிற்று. இருவரதும் பிள்ளைகளின் கல்வி தோட்டக் கணக்கோடு தொடர்புற்றிருந்தது. வெளிநாட்டில் பணிபுரியும் உத்தியோகத்தரின் வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் தொழில்தருநரே ஏற்பது இன்று சர்வதேச நிறுவனங்களின் வழமையாகிவிட்டது. அதன் முன்வரலாற்றை இம்மலைச் சரிவுகளில் நாம் தேடிக் காணலாம். ஒரே முதலாளி இரு வர்க்கத்தினருக்கு வழங்கிய ‘இலவசங்கள்’ எவ்வாறு இருவேறு சமூக விளைவுகளைத் தந்தன என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

2

முதலில் கோட்பாட்டுத் தெளிவு வேண்டும். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் மார்க்ஸ் உழைப்புச் சக்தியின் பெறுமதியை ஆராய்கின்றார். தொழிலாளி நாளையும் வேலைக்கு வருவதற்கு வேண்டிய உணவும் உறையுளும் மட்டுமன்றி, அவனது இடத்தை நாளை நிரப்பப்போகும் பிள்ளைகளின் வாழ்க்கைச் செலவும், குறித்த தொழிலுக்கு வேண்டிய பயிற்சிச் செலவும் அப்பெறுமதியில் அடங்கும். இவற்றின் அளவை வரலாறும் சமூக வழக்கும் தீர்மானிக்கின்றன. எனவே, வீடும் கல்வியும் கூலிக்கு வெளியே நிற்கும் தருமங்களல்ல. அவை கூலியின் ஒரு பகுதியாகும். அதனைப் பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா என்பதிலேதான் வேறுபாடு எழுகின்றது.

இவ்வேறுபாட்டின் அரசியலை எங்கெல்ஸ் 1872-73 காலப்பகுதியில் எழுதிய ‘வீட்டுப் பிரச்சினை’ என்ற கட்டுரைத் தொடரில் விளக்கினார். முதலாளியே வீட்டுச் சொந்தக்காரனாகவும் இருக்கும்போது, வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி கூலியோடு கூரையையும் இழக்கின்றான். ஐரோப்பிய ஆலைநகர்களை முன்வைத்துச் சொல்லப்பட்ட இக்கருத்து, எமது பெருந்தோட்டங்களுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகின்றது.

3

கோப்பிக் காலத்தில் குடும்பம் என்பது தோட்டக் கணக்கில் பெரிய இடம் பெறவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் சட்டம் மலைக்காடுகளை விற்பனைக்குத் திறந்துவிட்டது. நக்கிள்ஸ், கெலேபொக்கை, ரங்கலை, மாத்தளை கிழக்கு முதலியன கோப்பி மாவட்டங்களாயின. அன்றைய தோட்டத்துரை பெரும்பாலும் மணமாகாதவன். காட்டுமரத்தாலும் களிமண்ணாலும் எழுப்பிய குடிலே அவன் பங்களா. தொழிலாளரும் பெரும்பாலும் ஆண்களே. கோப்பிப் பழம் ஆயும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் தமிழகத்துக்குத் திரும்பினர். அவர்களது பிள்ளைகளை வளர்த்த செலவைத் தமிழகத்துக் கிராமங்கள் ஏற்றன. துரையின் கல்விச் செலவை ஸ்கொத்லாந்திலோ இங்கிலாந்திலோ இருந்த அவன் குடும்பம் ஏற்றது.

1869இல் தென்பட்ட கோப்பி இலைநோய் இந்நிலையைக் குலைத்தது. அதே ஆண்டில் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கண்டிவரை 1867இலும் மாத்தளைவரை 1880இலும் புகையிரதம் வந்து சேர்ந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை மலைநாடெங்கும் பரவிற்று. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே தொழிலாளர் குடும்பமாகக் குடியேறினர். மறுபுறத்தில், பயணக்காலம் குறுகவே ஐரோப்பியப் பெண்களும் மலைநாட்டுக்கு வந்தனர். தனியுடைமைத் தோட்டங்கள் பல லண்டனில் பதிவுபெற்ற ஸ்டேர்லிங் கம்பனிகளின் கைக்கு மாறின; துரை சொத்துக்காரன் என்ற நிலை மாறி ஒப்பந்தத்துக்குட்பட்ட சம்பள உத்தியோகத்தனானான். இவ்வாறு மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே காலத்திலேயே ‘குடும்பம்’ தோட்டக் கணக்கில் நுழைந்தது. இந்த உடன்நிகழ்வு நுணுகி நோக்கத்தக்கது.

4

துரைக்குக் கிடைத்தவற்றை நோக்குவோம். மலைமுகட்டில், லயங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் விசாலமான பங்களா, பூந்தோட்டம், சம்பளம் தோட்டக் கணக்கிலே விழும் அப்பு, ஆயா, தோட்டக்காரன். வழக்கமாக நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கொரு தடவை நீண்ட தாயக விடுமுறை. அதற்கான கப்பற் பயணம். அரச சேவையில் இவ்வழமை எழுத்துவடிவம் பெற்றது. இந்திய உயர் சேவைகளை ஆராய்ந்த லீ ஆணைக்குழு 1924இல், ஐரோப்பிய உத்தியோகத்தருக்கும் மனைவியருக்கும் சேவைக்காலத்தில் நான்கு தடவை போய்வரும் பயணத்தையும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிப் பயணத்தையும் விதந்துரைத்தது. பிள்ளைகளுக்கு ஏன் ஒரு வழி மட்டும்? அவர்கள் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் சேர்ந்தபின் திரும்பி வருவர் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு சலுகை விதியில் ஒரு வர்க்கத்தின் மறுவுற்பத்தித் திட்டம் முழுவதும் அடங்கியிருப்பதை இங்கு அவதானிக்கலாம்.

இச்சலுகைக்கு மனித விலையும் இருந்தது. பம்பாயில் 1865இல் பிறந்த கிப்ளிங், 1871இல் தங்கையுடன் இங்கிலாந்தின் சவுத்ஸீயில் அந்நியர் வீட்டில் விடப்பட்டார். அந்த ஆண்டுகளின் கசப்பே 1888இல் அவர் எழுதிய ‘பா பா பிளாக் ஷீப்’ என்ற கதையின் பொருள். ஆளும் வர்க்கமும் தன் பிள்ளைகளைப் பிரிந்தே ஆட்சியைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்தப் பிரிவு அதிகாரத்திற்கான பயிற்சியாக அமைந்தது.

5

இனி லயத்துக்கு வருவோம். நீண்ட கட்டடம், முதுகோடு முதுகொட்டிய அறைகள், பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளேயே அடுப்பு, தொட்டில், முதியவர், புதுமணத் தம்பதியர். வாடகை இல்லை என்பது மெய். ஆனால் அந்த ‘இல்லாத வாடகை’ ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையிலும் தோட்டத் தரப்பின் வாதமாக வந்து நின்றது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை ஏற்படுத்திய பின்னரும், வீடும் மருந்தும் தோட்டத்தின் கொடை என்ற பேச்சு ஓயவில்லை. கூலியின் ஒரு பகுதியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு, கழித்த பகுதியைத் தருமம் என்று திருப்பிக் காட்டும் கணக்கு இது.

வேலை போனால் ‘பத்துச்சீட்டு’. பத்துச்சீட்டு கையில் விழுந்தால் காம்பராவும் இல்லை. 1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்காகச் சுவீகரித்தபோது, அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். அது பெரும் வேலைநிறுத்தத்துக்கு வித்திட்டது. பங்களாவும் வேலையோடு கட்டுண்டதே. ஓய்வுபெற்ற துரையும் அதை விட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் அவன் போவதற்கு ஒரு தாயகமும் அதற்கான பயணச்சீட்டும் இருந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் லயத்து மனிதனுக்கு நாடே இல்லாமற் போயிற்று. இரு கரைகளிலும் வேரில்லாத ஒருவனுக்கு முதலாளியின் கூரை எத்தகைய தளையாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கல்வியிலும் இதே வேறுபாட்டைக் காண்கின்றோம். 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயதுவரை தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட அத்தியட்சகர்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அவ்வழியிலேயே சென்றது. பத்து வயது என்ற எல்லை தற்செயலானதன்று. அதற்குமேல் பிள்ளையின் கைக்கு மலையில் வேலை இருந்தது. பள்ளிக்கூடம் ஓர் அறை; ஆசிரியர் ஒருவர்; பள்ளியை நடத்துபவர் துரை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாயின. இரண்டும் தோட்டப் பாடசாலையின் வாசலோடு நின்றுவிட்டன. 1970களின் நடுப்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசின் கீழ் வந்தன. துரைமகனின் கல்வி அவனை அடுத்த தலைமுறையின் ஆளுநனாக்கியது. தொழிலாளி மகளின் கல்வி அவளை அடுத்த தலைமுறையின் கொழுந்துக்காரியாக்கியது. இரண்டும் ஒரே தோட்ட முறைமையின் விளைவுகளே.

6

இம்முறைமையின் உள்ளே நுழைந்து அதனை மறுத்த ஒருவரை இவ்வட்டாரமே கண்டது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, இதே மலைத்தொடரின் மடுல்கெலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் பயிற்சிச் சின்னதுரையாகச் சேர்ந்தார். பங்களா வாழ்வு அவருக்குத் தயாராயிருந்தது. அவரோ தொழிலாளர் பக்கம் நின்றார், தோட்டத்திலிருந்து நீக்கப்பட்டார், லங்கா சமசமாஜக் கட்சியுடன் இணைந்தார். 1937 ஏப்ரிலில் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்த்தது. வெள்ளைக்காரன் ஒருவன் பங்களாவை விட்டிறங்கியது ஏன் இத்துணைக் கலக்கத்தை விளைவித்தது? சலுகைகளின் பயன் வசதி மட்டுமல்ல, தூரமும் ஆகும். பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலான தூரம் குறையின் மேற்பார்வை ஆட்டங்காணும்.

இத்தூரத்தை இலக்கியமே நன்கு அளந்துள்ளது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964), ஸி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்கள், தெளிவத்தை ஜோசப்பின் கதைகள், மாத்தளை மண் தந்த மலரன்பன், வடிவேலன், சோமு ஆகியோரின் படைப்புக்கள் எனத் தொடரும் மலையக இலக்கியத்தில் லயம் பின்னணிக் காட்சி அன்று. கதையை நடத்தும் ஒரு சக்தி. ஒரே சுவருக்கு இருபுறமும் வாழும் நெருக்கம் சண்டையையும் தருகின்றது, சங்கத்தையும் தருகின்றது. முதலாளி செலவைக் குறைக்கக் கட்டிய தொடர்சுவரே ஒருவர் துயரை மற்றவர் கேட்கச் செய்தது. தோட்டப் பள்ளியின் ஒற்றை ஆசிரியரிடம் எழுத்தறிந்த பிள்ளைகளிலிருந்தே பெட்டிஷன் எழுதுபவரும் தொழிற்சங்கத் தலைவரும் எழுத்தாளரும் தோன்றினர். அடக்குமுறைக்கென அமைந்த நிறுவனம் தன் மறுப்பையும் வளர்க்கும் இயங்கியல் இதுவே.

7

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களோடு கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரையின் நிறம் மாறிற்று, பங்களா மாறவில்லை. மலைநாட்டுப் பழைய பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளாகியுள்ளன. லயங்களிலோ இன்றும் மக்களே வாழ்கின்றனர்.

வெளிநாட்டு உத்தியோகத்தருக்கான சலுகைகள் பெருந்தோட்டத்திலிருந்து தலைநகருக்கு இடம்பெயர்ந்தன. கொழும்பில் வெளிநாட்டார் பிள்ளைகளுக்கான சர்வதேசப் பாடசாலை 1957இலேயே தோன்றிற்று. ஐக்கிய நாடுகள் சபை தனது சர்வதேசப் பதவியினருக்குக் கல்வி மானியம் வழங்குகின்றது. 2018 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, கட்டணத்தின் முதற்படியில் நூற்றுக்கு 86 வீதமும், உயர்படிகளில் படிப்படியாகக் குறைந்து 61 வீதமும் ஈடுசெய்யப்படும். வாடகைக்கும் உதவியுண்டு. அதே அலுவலகத்தில் உள்நாட்டில் ஆட்சேர்க்கப்பட்ட எழுதுவினைஞருக்கு இவை இல்லை. அந்நிய நாட்டில் பிள்ளையின் படிப்பு தடைப்படக்கூடாது என்ற நியாயத்தை நாமும் ஏற்கின்றோம். ஆயின், அந்நியனாக வந்தவன் யார் என்பதைப் பொறுத்தே அந்த நியாயம் வழங்கப்படுகின்றது.

ஏனெனில் வெளிநாட்டில் உழைக்கும் இன்னொருவரும் எம்மிடையே உளர். மலையகத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணும் சொற்பொருளின்படி ‘வெளிநாட்டு உத்தியோகத்தரே’. அவளுக்கும் வதிவிடத்தை எசமானே தருகின்றான். அவ்வதிவிடம் எசமானின் சமையலறைக்கு அடுத்த மூலை. குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமை அந்நாடுகளில் உயர்ந்த சம்பளக்காரருக்கே உண்டு. பள்ளிக் கட்டணம் அவள் அனுப்பும் காசிலிருந்தே கட்டப்படுகின்றது. 2013இல் இலங்கை அரசு புகுத்திய குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குச் செல்வதைத் தடுத்தது. 2022இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஒரு வர்க்கத்துத் தாய்க்குப் பிள்ளையோடு இருக்கப் பணம் கொடுக்கப்படுகின்றது. இன்னொரு வர்க்கத்துத் தாய்க்கு, பிள்ளையை விட்டுப்போகலாமா என்று விசாரணை நடத்தப்படுகின்றது.

8

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இதுவாகும். தொழில்தருநர் தரும் வீட்டையும் கல்வியையும் அவற்றின் தரத்தைக்கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. வேலையை விட்டு விலகும் மனிதன் அவற்றில் எதனைத் தன்னோடு கொண்டுசெல்ல முடியும் என்பதே அளவுகோலாக வேண்டும். துரைமகன் கல்வியைக் கொண்டுசென்றான். லயத்து மனிதன் எதனையும் கொண்டுசெல்லவில்லை.

2015இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டமும், இந்திய உதவியுடனான வீடமைப்பும் முன்னேற்றமே. ஆயினும், கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட அரச நிலத்தில், தெளிவான உறுதிப்பத்திரம் கையில் இல்லாதவரை புதிய வீடும் அழகிய லயமாகவே எஞ்சும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரசாவுரிமை வந்தது. அதற்கு ஒரு முகவரியும் வேண்டும். வீட்டுரிமை வேலையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பாடசாலை தோட்டத்தின் நிழலிலிருந்து முற்றாக நீங்க வேண்டும். இவை சலுகைக் கோரிக்கைகளல்ல. இரு நூற்றாண்டுகளாகக் கூலியிலிருந்து கழிக்கப்பட்டதன் மீட்பாகும்.

எம் மாணவருக்கு இங்கொரு பணியுண்டு. தோட்டப் பாடசாலைகளின் சம்பவத்திரட்டுக்கள், செக்ரோல் ஏடுகள், பத்துச்சீட்டுக்கள் என்பன லயங்களின் தகரப் பெட்டிகளில் அழிந்துகொண்டிருக்கின்றன. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் வழியெங்குமுள்ள தோட்டங்களில் அவற்றைத் தேடித் தொகுத்தால், பங்களாவின் நினைவுக்குறிப்புக்கள் எழுதாது விட்ட பாதியை நாம் எழுத முடியும்.